முரட்டு நாயும் வீட்டுக் காவலும்



ஜூரோங் தொழிற்சாலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்களில் பலர் அக்கரையிலிருந்து வருகிறவர்கள். 1998ஆம் ஆண்டு துவாஸில் இரண்டாம் பாலம் திறந்த பிறகு, ஜொகூர்த் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு ஜூரோங் கூப்பிடு தூரத்து ஊராகிவிட்டது. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. இங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் மட்டும் ஊர் போகிறவர்களும் உண்டு. தோட்டத்து வீட்டிலே இருப்பவர்கள் வயதான தாய் தகப்பன். சில வீடுகளில் மனைவியும் சிறு பிள்ளைகளும். முன்பு லயம் நிறைய ஆட்கள் இருந்தார்கள்; ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். இன்று பல தோட்டங்களில் பத்து வீட்டுக்கு நான்கு வீடு பூட்டிக் கிடக்கிறது. பயம் வருவது இயற்கைதானே?

அந்தப் பயத்தில் பிறக்கும் கேள்வி இது: "பார்த்தவுடனே நடுங்குகிற மாதிரி ஒரு நாயை வாங்கி வாசலில் கட்டிவிட்டால் என்ன? எந்த ஜாதி நாய் நல்லது?" சம்பளத்தில் மிச்சம் பிடித்து, டாபர்மேன் குட்டிக்கோ ராட்வைலர் குட்டிக்கோ முன்பணம் கொடுக்க எண்ணுகிறவர்கள் அதைக் கொடுக்கும் முன் சில விஷயங்களை அறிந்துகொள்வது நல்லது.

காவல் என்றால் முறைத்த முகம் என்பது நம் மனத்தில் ஆழமாகப் படிந்த எண்ணம். தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டிக்கு உருட்டிய விழி, முறுக்கிய மீசை, ஓங்கிய அரிவாள். பெரிய துரையின் பங்களா வாசலில் நின்ற அல்சேஷன் நாயையும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பங்களாவைக் கடந்து பால் வாளியோடு போனவர்கள் சாலையின் மறு ஓரமாகவே நடந்தார்கள். ஆகவே நமக்கும் ஒரு காவல் வேண்டும் என்றவுடன் அந்த முகமே நினைவுக்கு வருகிறது.

இந்த முகத்தை வேண்டுமென்றே உண்டாக்கிய ஒரு மனிதரின் கதை உண்டு. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் அபோல்டா என்று ஒரு சிற்றூர். அங்கே கார்ல் பிரெடரிக் லூயிஸ் டாபர்மேன் என்பவர் வரி வசூலிக்கும் வேலை பார்த்தார். வரிப் பணத்தோடு தனியே நடக்க வேண்டிய தொழில். வழியிலே திருடர், வீடுகளிலோ வரி கேட்டவரை முறைக்கும் குடிமக்கள். தெருவில் திரியும் நாய்களைப் பிடிக்கும் பொறுப்பும் அவருக்கு இருந்ததால், பலவகை நாய்கள் அவர் கைக்குள் வந்தன. அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து இனச்சேர்க்கை செய்து, தம்மோடு நடக்கக்கூடிய, கண்டவர் அஞ்சக்கூடிய ஒரு நாயை உருவாக்கினார். எந்தெந்த இனங்களைக் கலந்தார் என்பதை அவர் எழுதி வைக்கவில்லை. 1894ஆம் ஆண்டு அவர் காலமானார். நாய்க்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது.

இந்தக் கதையில் நமக்குப் பயன்படும் செய்திகள் இரண்டு. டாபர்மேன் அந்த நாயை வாசலில் கட்டிப்போட்டுவிட்டு வெளியூர் போகவில்லை. அது நாள் முழுதும் அவரோடு நடந்தது. அவர் சொல் கேட்டுப் பழகியது. எசமானரோடு ஒட்டி வாழ்வதற்காகவே பிறப்பிக்கப்பட்ட நாய் அது. எசமானர் ஜூரோங்கில் இரவு ஷிப்டு பார்க்க, நாய் தோட்டத்தில் சங்கிலியில் கிடந்தால், அதன் குணம் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று அதன் தோற்றம். படங்களில் டாபர்மேன் நாய்க்குக் கொம்பு போல நிமிர்ந்த காதுகளைக் காண்கிறோம் அல்லவா? அவை பிறவியில் வந்தவை அல்ல. அதன் இயற்கையான காது மடிந்து தொங்கும். வாலும் நீளமாகவே இருக்கும். குட்டியாக இருக்கும்போதே காதை வெட்டி, கட்டுப்போட்டு நிமிர்த்துகிறார்கள்; வாலையும் நறுக்கிவிடுகிறார்கள். நாம் கண்டு அஞ்சும் முகத்தில் பாதி, கத்தரிக்கோல் செய்த வேலை. பல நாடுகள் இதைக் கொடுமை என்று தடுத்திருக்கின்றன. வெட்டாத காதோடு அந்த நாயைப் பார்த்தால், நம் ஊர் நாயின் அண்ணன் போலத்தான் இருக்கும்.

சரி, திருடன் எதற்கு அஞ்சுகிறான்? அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் கிளையினர், வீடு புகுந்து திருடிச் சிறைப்பட்ட 422 பேரிடம் இதைக் கேட்டு 2012ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் ஆள் இருக்கிறதா, அக்கம் பக்கத்தில் நடமாட்டம் உண்டா, எச்சரிக்கை மணி உண்டா, நாய் உண்டா என்பவற்றையெல்லாம் பார்த்த பிறகே பலரும் வீட்டைத் தேர்ந்ததாகச் சொன்னார்கள். திருடனுடைய அச்சம், தன்னை யாராவது பார்த்துவிடுவார்களே என்பது. நாய் குரைத்தால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் கதவு திறக்கும். இந்த வேலைக்கு ஐம்பது கிலோ நாய் தேவையில்லை. கூரிய காதும், கணீரென்ற குரலும், வீட்டு மனிதர் யார், அயலார் யார் என்று பிரித்தறியும் புத்தியும் போதும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்று ஏளனமாகச் சொல்கிறோம். வீட்டுக் காவலுக்கு நமக்கு வேண்டியது அப்படிப்பட்ட நாயேதான்!

முரட்டு நாயின் முகத்தைத் திருடன் ஒருநாள் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். அதை நாள்தோறும் பார்க்கிறவர்கள் யார்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், தபால்காரர், எரிவாயு உருளை கொண்டு வருகிறவர், ஆயாக்கொட்டகையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பாட்டி. நாய்க்கடி பற்றிய ஆய்வுகள் பல நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. அதிகம் கடிபடுகிறவர்கள் குழந்தைகள்; குழந்தையைக் கடிக்கும் நாயும் பெரும்பாலும் அது அறிந்த நாயே. சிறு பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. ஆகையால் காயம் முகத்திலும் தலையிலும் படுகிறது.

2024ஆம் ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள ஒரு மாநகராட்சிப் பூங்காவில் நடந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அங்கே இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காவைக் காவல் காத்த தொழிலாளியின் மகள். நாய்களின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், இந்திய மத்திய அரசு 23 நாய் இனங்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் நிறுத்தும்படி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இனத்தைத் தடை செய்தால் தீருமா, வளர்ப்பவரைத் திருத்தினால் தீருமா என்ற வழக்கு இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், எந்த நாயும் கடிக்கக்கூடியதே. ஆனால் பெரிய நாய் கடித்தால் காயமும் பெரிது. கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவும் வழக்குச் செலவும் தாங்குமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்த ஜூரோங்கும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் கம்பங்களும் இறால் குட்டைகளுமாக இருந்த இடம்தான். கம்பத்து வீட்டு முற்றத்தில் நாய் தன் போக்கில் திரியும். 1961ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை வேலை தொடங்கிச் சதுப்பும் குன்றும் சமமாயின. மக்கள் மெல்ல மெல்ல அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தார்கள். அதோடு நாய் வளர்க்கும் விதியும் மாறியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிற்றினங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். டாபர்மேன், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றுக்கு அடுக்குமாடி வீட்டில் இடமே இல்லை.

தரை வீடு வைத்திருப்பவர் இந்த இனங்களை வளர்க்கலாம். ஆனால் அவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. உரிமம் வேண்டும், நுண்சில்லு பொருத்த வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சி கொடுக்க வேண்டும், குறைந்தது 1,00,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும், வெளியே கொண்டுபோனால் வாய்க்கூடும் வாரும் கட்டாயம். பிட் புல், அகிட்டா, தோசா போன்றவை இன்னும் கடுமையான பட்டியலில் உள்ளன. ஓர் அரசாங்கம் காப்புறுதி கேட்கிறதென்றால், அந்த நாயை வளர்ப்பதில் உள்ள பொறுப்பு எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அடுக்குமாடி வீட்டில் உள்ள குடும்பத்தாருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, தெருவிலிருந்து மீட்டுப் பழக்கிய உள்ளூர்க் கலப்பு நாயை, 55 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாமல் இருந்தால், விலங்குநல அமைப்புகள் மூலம் எடுத்து வளர்க்கலாம். இந்த நாய்களை ஜூரோங், துவாஸ் தொழிற்சாலைப் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். மண்ணிறமாகவோ கறுப்பாகவோ இருக்கும். பகலில் லாரி நிழலில் படுத்திருக்கும். இரவில் புதிய காலடி கேட்டால் போதும், பட்டறையே அதிரும்படி குரைக்கும். காவலுக்கு யாரும் அவற்றைப் பயிற்றவில்லை.

அக்கரையில், தோட்டத்து வீட்டுக்கு என்ன விதி? நாய் உரிமம் தருவது அந்தந்த வட்டார ஊராட்சி மன்றம் அல்லது நகராட்சி மன்றம். எத்தனை நாய், எந்த இனம் என்பதை அங்கே கேட்டறிய வேண்டும். பிட் புல், அகிட்டா, ஜப்பானியத் தோசா, நியாபோலிட்டன் மாஸ்டிப் முதலியவற்றை மலேசியாவுக்குள் இறக்குமதி செய்ய அனுமதி இல்லை. வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானால் நிர்வாகத்தின் சொல்லும் வேண்டும். இன்று லயத்தில் நம் பக்கத்து வீட்டார் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கலாம். முஸ்லிம்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டிய கடமை உண்டு. நம் நாய் நம் வேலிக்குள் இருந்தால் அக்கம் பக்கத்தில் மனத்தாங்கல் வராது. ஆபத்து வேளையில் முதலில் ஓடி வரப்போகிறவர் அந்தப் பக்கத்து வீட்டார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிச் சொல்லவேண்டும். வளர்ந்த ஆண் ராட்வைலர் ஏறத்தாழ ஐம்பது கிலோ இருக்கும். நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் உலர்தீனி தின்னும்; மீந்த சோறும் கருவாட்டுத் தலையும் அதற்குப் போதா. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு நோய் வருவதுண்டு. டாபர்மேனுக்கு இதயத் தசை நோவு பரவலாக வருகிறது. முகம் சப்பையான மாஸ்டிப் வகைகள் நம் வெப்பத்தில் மூச்சுத் திணறுகின்றன. தோட்டங்களுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. உண்ணிக் காய்ச்சல், கொசு பரப்பும் இதயப் புழு, இவற்றோடு செம்பனைக் காட்டில் வைக்கும் எலி மருந்து. அந்த மருந்தைத் தின்ற நாய்க்கு உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து உள்ளுக்குள்ளே இரத்தம் கசிந்து செத்துப்போகும். ஈறு வெளுத்து நாய் சோர்ந்து கிடந்தால், காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வைட்டமின் கே மருந்தால் பிழைக்க வழி உண்டு.

நாயை எப்படித் தேர்வது? குட்டியின் முகத்தைப் பார்க்கும் முன் அதன் தாயைப் பாருங்கள். தாய் உங்களைக் கண்டு குரைத்து, வீட்டுக்காரர் ஒரு சொல் சொன்னதும் அடங்கினால், அது நல்ல வம்சம். மூலையில் ஒடுங்கி உறுமினாலோ, சொல்லையும் மீறிப் பாய வந்தாலோ, அந்த வீட்டுக் குட்டி வேண்டாம். விற்பவர் தாயைக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதை எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதையெல்லாம் தன் உலகமாக ஏற்றுக்கொள்கிறது என்று கண்டார்கள். அந்த நாள்களில் கிழவர், குழந்தை, குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர், மோட்டார் சைக்கிள் சத்தம், எல்லாவற்றையும் அதற்கு அறிமுகம் செய்யுங்கள். "ஆளைக் காட்டாமல் வளர்த்தால்தான் நாய்க்கு வெறி ஏறும், நல்ல காவல் காக்கும்" என்று சிலர் சொல்வது சரியல்ல. அப்படி வளர்ந்த நாய்க்கு எல்லாருமே அயலார். தீபாவளிக்கு வரும் மாமனும் திருடனும் அதற்கு ஒன்றுதான்.

சங்கிலியும் அப்படியே. நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாய்க்கு ஓடி ஒதுங்க வழியில்லை. எவர் கிட்டே வந்தாலும் பாய்வது ஒன்றே அதற்குத் தெரிந்த வழியாகிவிடுகிறது. பந்தை எடுக்கப் போன பிள்ளை அந்த வட்டத்துக்குள் கால் வைத்தால் போச்சு. வேலிக்குள் அவிழ்த்துவிடுவதே நல்லது. வேலி போட வசதியில்லை என்றால், பெரிய நாய் வாங்கவும் வசதியில்லை என்றே கொள்ளுங்கள். மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டப்படி, விலங்கை வதைத்தால் குறைந்தது 20,000 ரிங்கிட் அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனையும் உண்டு.

தாயும் தகப்பனும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, பதினைந்து இருபது கிலோ எடையுள்ள உள்ளூர் நாய் ஒன்றே தகுந்தது என்பது என் எண்ணம். வயதான தாயின் கையில் வாரைக் கொடுத்தால், அந்தக் கை இழுத்துப் பிடிக்கக்கூடிய நாயாக அது இருக்க வேண்டும். கருத்தடை செய்துவிட்டால் ஊர் சுற்றுவது குறையும். முரட்டு நாய்க் குட்டிக்கு வைத்திருந்த பணத்தில் மிச்சமாவதைக் கொண்டு பின்கட்டுக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும், முற்றத்துக்கு ஆள் நடமாட்டம் கண்டு எரியும் விளக்கும் போடலாம். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் ராஜபாளையம், கோம்பை என்று நம் ஊர் இனங்களைப் புகழ்ந்து சொல்வார்கள். ராஜபாளையத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் தபால்தலையே வெளியிட்டது. பெருமைக்குரிய நாய்கள்தாம். ஆனால் அவை பரந்த நிலத்தில் ஓடி வேட்டையாடிப் பழகியவை. தூய வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன. காவலுக்குக் காதுதானே முக்கியம்?

இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டு முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. மலேசியாவிலோ 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டு சரவாக்கில் பரவத் தொடங்கிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. தோட்டத்து நாய் ஈன்ற குட்டி அழகாயிருக்கிறதே என்று பையில் போட்டுப் பாலத்தைக் கடந்து ஜூரோங்குக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள். அனுமதியின்றிக் கொண்டு வந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கும்.

தோட்டத்து நாய்க்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் காலத்தில் திரும்பவும் போட்டு வாருங்கள். நாய் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும், கடிவாயைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைத்துக் கட்டக்கூடாது. கழுவியவுடன் கிளினிக்குக்குப் போங்கள். நாயை அடித்துக் கொன்றுவிடாமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லி, பத்து நாள் தனியே அடைத்துவைத்துக் கவனியுங்கள். அந்த நாய் என்ன ஆயிற்று என்று டாக்டர் கட்டாயம் கேட்பார்.